ஸ்பீக்கர் மைனஸை பாடியில் சேர்க்காதீர்கள்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். வாடகைக்கு ஓட்டும் ஏழு சீட் வண்டி. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் கருகிய வாடையோடு இரண்டு கார் ஸ்டீரியோ செட். மூன்றாவது செட் வண்டியில் இருந்தது, அதுவும் அன்று காலையில்தான் ஊமையாகியிருந்தது. "அண்ணா, இப்ப வர்ற செட்டு எதுவுமே நிக்க மாட்டேங்குது. விலை கூட இருந்தாலும் பரவாயில்ல, நல்லதா ஒண்ணு போட்டு விடுங்க" என்றார்.

"புது செட் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, முதல்ல இதைக் கழட்டிப் பாக்கலாம்" என்று செட்டை வெளியே இழுத்தேன். வண்டியோடு வந்த கப்ளரை, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கனெக்டரைக் காணோம், வெட்டி எறிந்திருக்கிறார்கள். நான்கு ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி, செட்டின் கறுப்பு எர்த் ஒயரோடு சேர்த்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பட்டையில் ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்து முடுக்கியிருந்தார்கள். மேலே சுற்றிய டேப் வெயிலில் பசை விட்டு நழுவி, பாதி செம்பு வெளியே தெரிந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

மாங்காய் சீசன் தொடங்கியதிலிருந்து இதே கோளாறோடு என்னிடம் வரும் எட்டாவது வண்டி இது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே தவறைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மைனஸ் என்றால் எர்த், எர்த் என்றால் பாடி, அதாவது வண்டியின் இரும்பு உடம்பு என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஹெட்லைட்டுக்கு அது சரி. ஹாரனுக்குச் சரி. ஸ்பீக்கருக்குச் சரியில்லை. பழைய டேப்ரிக்கார்டர் காலத்து செட்டுகளில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் மட்டும் செட்டிலிருந்து வரும், இன்னொரு முனையை பாடியில் சேர்த்தால் பாடும். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே மைனஸ் ஓடும் பழைய வண்டிகளும் உண்டு. அந்தக் காலத்தில் தொழில் கற்றவர்கள் அதையே சொல்லிக்கொடுத்தார்கள், அவர்களிடம் கற்றவர்கள் இன்னும் அதையே செய்கிறார்கள். டிராக்டருக்கு செட் மாட்டுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். ஒயர் மிச்சம் என்று ட்ரெய்லர் வரைக்கும் ஒற்றை ஒயரை இழுத்துவிட்டு, மைனஸை சேஸில் வைத்து அடித்துவிடுகிறார்கள்.

இப்போது வரும் செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயரிலுமே கரண்ட் வருகிறது. ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்கும். 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்ட அவர்கள் கண்டுபிடித்த வழி இது. அதனால் பிளஸ், மைனஸ் என்று போட்டிருந்தாலும் அந்த மைனஸ் எர்த் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முள்ளை பாடியில் வையுங்கள். செட்டை ஆன் பண்ணி, சிவப்பு முள்ளை ஸ்பீக்கர் மைனஸில் வையுங்கள். சாதாரண செட்டுகளில் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டும். பிளஸில் வைத்தாலும் அதே 6 வோல்ட். 6 வோல்ட் இருக்கிற ஒயரைக் கொண்டுபோய் பாடியில் சேர்த்தால் அதற்குப் பெயர் எர்த்தா, ஷார்ட்டா? நல்ல செட்டாக இருந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். "கொஞ்ச நேரம் பாடுது, அப்புறம் நின்னுடுது, ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடி பாடுது" என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். விலை குறைந்த செட்டாக இருந்தால் உள்ளே சத்தத்தைக் கூட்டும் சிப், அதாவது ஆம்ப் ஐசி, கருகிவிடும். நான்கு மைனஸையும் பாடியில் சேர்க்காமல் ஒன்றோடு ஒன்று முறுக்கி விடுவதும் தப்புதான். நான்கு ஸ்பீக்கர், எட்டு ஒயர். எட்டும் தனித்தனியாக செட் வரைக்கும் வர வேண்டும்.

பாலக்கோட்டுத் தம்பியின் வண்டியில் செய்த வேலை அவ்வளவுதான். எட்டு ஒயரையும் பிரித்தேன். புதுக் கப்ளர் போட்டு, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டினேன். ஊமையாகியிருந்த அந்த மூன்றாவது செட்டே பாடிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மஞ்சப்பையில் இருந்த இரண்டும் வேலைக்கு ஆகாது. ஒரு ஓட்டுநர் அந்தப் பணத்தைச் சம்பாதிக்க எத்தனை டிரிப் அடிக்க வேண்டும் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்தது ஆக்சலரேட்டரை மிதிக்க மிதிக்க 'உய்ங்' என்று ஏறும் சத்தம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. இதற்கு உடனே ஒரு ஃபில்டரையோ பெரிய கெப்பாசிட்டரையோ தலையில் கட்டிவிடுகிறார்கள். முக்கால்வாசி வண்டியில் கோளாறு எர்த்தில்தான். செட்டுக்கு ஓர் இடத்தில் எர்த், டிக்கியில் தனியாக இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது ஆம்புக்கு, வேறோர் இடத்தில் எர்த், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம். அந்த வித்தியாசம், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியாக ஏறி ஸ்பீக்கரில் பாடுகிறது. ஆம்ப் எர்த் மாட்டிய இடத்தைக் கழற்றிப் பாருங்கள், பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். எமரி தாள் போட்டு பளபளவென்று இரும்பு தெரிகிற வரை தேய்த்து, ரிங் டெர்மினல் வைத்து முடுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பூச்சு அடிக்க வேண்டும். ஆர்சிஏ கேபிளும் பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரும் ஒரே பக்கமாகப் போகக் கூடாது. ஒன்று இடது பக்கம் போனால் மற்றது வலது பக்கம்.

கோளாறு ஆம்பிலா, அதற்கு முன்னாலா என்று சந்தேகம் வந்தால் ஆம்பிலிருந்து ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஏறாத ஒரு போனை நேராக ஆம்பில் மாட்டிப் பாடவிடுங்கள். இன்ஜின் ஓடும்போதும் சத்தம் சுத்தமாக இருந்தால் ஆம்பும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, முன்பக்கம் செட், கேபிள், எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. போனை ஆக்ஸ் ஒயரில் மாட்டி, அதே நேரம் வண்டிச் சார்ஜரிலும் போட்டால் மட்டும் உய்ங் வருகிறது, ப்ளூடூத்தில் வரவில்லை என்றால் வண்டியைக் கழற்றவே தேவையில்லை. சார்ஜரும் ஆக்ஸும் போன் வழியாகச் சேர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். ப்ளூடூத்திலேயே கேளுங்கள்.

புது ஸ்பீக்கர் போட்டபிறகு பேஸே இல்லை, சத்தம் வறட்டுத்தனமாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, பேஸ் காணாமல் போகிறது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று போதும். செட்டிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, கழற்றிய அந்த முனையில் செல்லின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸ் ஒயரிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது. இதைத் தெரியாமல் சப்ஊஃபர் வாங்கி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கதவைத் திறந்து மூடும்போது பாட்டு விட்டுவிட்டு வந்தால் கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கும். ரேடியோ மட்டும் இரைந்தால், தர்மபுரி வானொலியே சரியாக எடுக்கவில்லை என்றால், செட்டின் நீல ஒயரைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆன்டெனா அடியில் ஒரு பூஸ்டர் இருக்கிறது, அதற்கு அந்த ஒயரில்தான் கரண்ட் போக வேண்டும். வண்டியை நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் ஸ்டேஷனும் நேரமும் அழிந்துபோனால் பெரும்பாலும் செட்டின் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் இடம் மாறியிருக்கும். மஞ்சள் எப்போதும் பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் மட்டும். இரண்டையும் சேர்த்து பேட்டரியில் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து, பேட்டரி இறங்கிப்போன வண்டியைத் தள்ளுகிறவர் நீங்கள் இல்லை, வண்டிக்காரர்.

வாட் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் 50 வாட், நான்கு சேனல் என்று போட்டிருக்கும். செட்டின் பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். 15 என்றே வைத்துக்கொண்டாலும், இன்ஜின் ஓடும்போது இருக்கும் 14 வோல்ட்டில் உள்ளே போவதே 210 வாட். அதில் பெரும் பங்கு சூடாகப் போய்விடுகிறது. அப்புறம் 200 வாட் சத்தம் எங்கிருந்து வரும்? சேனலுக்கு 15லிருந்து 20 வாட் சுத்தமாகக் கிடைத்தால் நல்ல செட். அதை நம்பாமல் வால்யூமை முழுசாக வைத்து, பேஸையும் முழுசாக ஏற்றினால் சத்தம் உடைகிறது, முதலில் கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் போகிறது. ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். பெரும்பாலான செட்டுகளால் அதைத் தாங்க முடியாது.

இனி சொல்வதெல்லாம் பாதுகாப்பு. பாட்டு கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இதைக் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயரில் டெஸ்ட் லேம்ப் முனையைக் குத்தவே குத்தாதீர்கள், அது ஏர்பேக், செட்டின் மஞ்சள் ஒயர் வேறு. ஆம்ப் போட்டால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இருக்கும் பியூஸ் ஆம்பைத்தான் காப்பாற்றும். நடுவில் எங்காவது ஒயர் உரசி பாடியில் பட்டால் அந்த ஒயரே அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துவிடும். ஒயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே தடிமன் செம்பு தாங்கும் கரண்டை அது தாங்காது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைத் தொங்கவிடாதீர்கள். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரி, பின்னால் லாரி, கால் பிரேக்கில். அந்த நேரத்தில் பெடலுக்கு நடுவே ஒரு ஒயர் கற்றை விழுந்தால் என்ன ஆகும் என்று மாட்டுகிறவர் யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கேபிள் டை போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

செட் மாட்டக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வண்டிக்கான கப்ளர் தனியாகக் கடையில் கிடைக்கிறது. ஒயரை வெட்ட விடாதீர்கள், அதைப் போடச் சொல்லுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டிய கப்ளரைக் கேட்டு வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் வண்டியில் உட்காருங்கள். பாட்டை நிறுத்தி, வால்யூமைப் பாதி வரை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஆக்சலரேட்டரை மிதித்துக் கேளுங்கள். பாட்டைப் போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றி மாற்றிக் கேளுங்கள். நான்கு கதவையும் திறந்து மூடுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், செட்டை அவர்கள் வெளியே இழுத்து ஒயரை உங்கள் கண் முன்னால் காட்டட்டும்.