வலி மாத்திரை: கொல்லியா, நீக்கியா, தணிப்பியா?

பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்த ஊர் மெடிக்கலில் நின்றாலும் காதில் விழுவது ‘வலி மாத்திரை’தான். கொஞ்சம் படித்தவர்கள் ‘பெயின் கில்லர்’ என்பார்கள். அச்சில் ‘வலி நிவாரணி’, ‘வலிநீக்கி’ என்று வரும். நான்கும் குறிப்பது ஒரே மருந்தைத்தான். ஆனால் மருந்து என்ன செய்கிறது என்பதில் நான்கும் நான்கு விதமாகப் பேசுகின்றன.

முதலில் ‘வலி’. பழந்தமிழில் இதன் முதற்பொருள் வலிமை. உடல் வேதனையை நோய், நோவு என்றார்கள். வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்புப் போடுதல் என்றும் பொருள். தண்டு (துடுப்பு) வலித்தவருக்குத் தோள் வலிக்கும் என்னும்போது வேலைக்கும் வேதனைக்கும் ஒரே சொல் போதுமானதாகிறது.

‘பெயின் கில்லர்’ ஒரு விற்பனைப் பெயராகப் பரவியது. 1840களில் அமெரிக்காவில் பெரி டேவிஸ் என்பவர் விற்ற மருந்தின் பெயர் அது. உள்ளே இருந்தவை சாராயமும் அபினும். மருத்துவ நூல்கள் சொல்லும் ‘அனால்ஜெசிக்’ கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘வலியின்மை’ என்று பொருள்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் ‘கொல்லி’யும் ‘நீக்கி’யும் பொருந்தவில்லை. கரைவலை இழுத்துத் தோள் தசை அடிபட்டால், அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அது நரம்பு முனைகளை உசுப்பிவிடுவதால், லேசாகக் கையைத் தூக்கினாலும் சுரீரென்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் மூன்றும் புரோஸ்டாகிளாண்டினைச் செய்யும் காக்ஸ் நொதியை அடைக்கின்றன. ஆஸ்பிரினில் இதை 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு அமைதியாகிறது, தசையின் காயம் அப்படியே இருக்கிறது. மறுநாளும் அதே தோளால் வலை இழுத்தால் காயம் பெரிதாகும்.

‘நிவாரணம்’ வடமொழிச் சொல். விலக்குதல் என்று பொருள். புயல் நிவாரணம் வாங்கிப் பழகிய இந்தக் கரையில் அதன் பொருள் வேறு: போன வீடு போனதுதான், துயரம் மட்டும் கொஞ்சம் குறையும். அந்தப் பொருளில் ‘நிவாரணி’ தவறில்லை. ஆனாலும் என் தேர்வு ‘வலிதணிப்பி’. தாகம் தணியும், சூடு தணியும். இரண்டும் திரும்ப வரும் என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும்.

அடைபடும் நொதி தோளில் மட்டும் இல்லை. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்ப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால் வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றில் புண் வரலாம். நாள் முழுக்க வெயிலில் கடலில் கிடந்து, தண்ணீர் குடிக்காமல் போட்டால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ கறுத்து வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டைக்ளோஃபெனாக் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 50 மி.கி., ஒரு நாளில் 150 மி.கி.யைத் தாண்டக்கூடாது, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. சிறுநீரக நோய், இதய நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் மூன்றும் அப்போது ரத்தக் கசிவைக் கூட்டும், பாரசிட்டமால் மட்டும் போதும்.

பாரசிட்டமாலுக்கும் எல்லை உண்டு: 500 மி.கி. மாத்திரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 கிராமுக்குள். மிஞ்சினால் கல்லீரல் கெடும். குடிப்பவர்களுக்கு இன்னும் குறைவாகவே தரவேண்டும். ஒரே மாத்திரையில் டைக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தே வருவதுண்டு. அட்டையின் பின்புறம் படிக்காமல் இன்னொரு பாரசிட்டமால் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

திருக்கை முள் குத்தினால் மாத்திரையைவிட வெந்நீர் வேகமாக வலியைத் தணிக்கும். நல்ல கையால் தொட்டுப் பார்த்து, பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைக்கவேண்டும். வலி போனபின் பலரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முள்ளின் துண்டு உள்ளே இருந்தால் அது சீழ்பிடிக்கும். எக்ஸ்ரேயும் டெட்டனஸ் ஊசியும் அப்போதும் தேவை.