வலை வாங்கும் முன்பு கற்க வேண்டியவை: ஃபெரெட் வளர்ப்பும் முயல் வேட்டையும்

கிழக்கு இங்கிலாந்தில், நார்ஃபோக், சஃபோக் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் பிரெக்லாந்து என்னும் மணற்பாங்கான பகுதியில் நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். ஃபெரெட்டை வைத்து முயல் பிடிக்கக் கற்க விரும்புவோர் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுள் அண்மைக் காலமாகத் தமிழர்களும் இருக்கிறார்கள். வலை, மண்வெட்டி, இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை என எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகுதான் பெரும்பாலோர் விலங்கைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்கள். ஆனால் என் சிகிச்சை மேசையில் உயிர்விட்ட ஃபெரெட்டுகளில் மிகப் பலவும் முயல் வளைக்குள் அடிபட்டவை அல்ல. அவை வீட்டுக் கூண்டிலேயே, எளிதில் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் நோயுற்றவை. அதனால்தான் இக்கட்டுரையில் வேட்டையை விட வளர்ப்புக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஃபெரெட் என்பது கீரியைப் போல நீண்டு ஒடுங்கிய உடலும் குட்டைக் கால்களும் கொண்ட ஊனுண்ணி. ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்ற விலங்கிலிருந்து மனிதர் பழக்கி எடுத்த வளர்ப்பினம் இது. முயல் பிடிக்க இதைப் பயன்படுத்துவது ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். முயல்கள் வளைக்குள் இவ்விலங்குக்கு வாய்ப்பூட்டு போட்டு அனுப்பி, வெளியே ஓடிவரும் முயல்களை மேலே நிற்போர் பிடித்த முறையை, ஸ்பெயின் நாட்டை விவரிக்கும்போது கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ குறிப்பிடுகிறார். பிரிட்டனுக்கு முயலைக் கொண்டுவந்து பெருக்கியவர்கள் நார்மன்கள். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் பிரபுக்களும் மடாலயங்களும் பெரும் முயல் பண்ணைகளை அமைத்தனர். தெட்ஃபோர்டு நகருக்கு அருகே 1400ஆம் ஆண்டு வாக்கில் முயல் காவலருக்காகக் கட்டப்பட்ட கற்கோட்டை வீடு இன்றும் நிற்கிறது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத எவரும் ஃபெரெட்டோ வேட்டை வலையோ வைத்திருக்கக் கூடாது என்று 1390இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில் சட்டமே வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்போருக்கு ஒரு விளக்கம் அவசியம். நம் ஊர்க் காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டி வாழ்வதில்லை, புதரடியிலும் புல்லிலும் பதுங்கிக் கிடக்கும். ஆகவே இந்த முறை அங்கே பொருந்தவும் பொருந்தாது. அதற்கும் மேலாக, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வேட்டையாடுவது குற்றம். அயல்நாட்டுக்கு ஃபெரெட்டைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து போதிய சான்று. முயலைக் கட்டுப்படுத்துவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே விடப்பட்ட ஃபெரெட்டுகள், பறக்க இயலாத கிவி உள்ளிட்ட பறவைகளைக் கொன்று தீர்க்கத் தொடங்கின. இப்போது அந்நாட்டில் அவற்றை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளன.

வளர்ப்பில் முதலில் சொல்ல வேண்டியது பெண் ஃபெரெட்டைப் பற்றி. இதை இங்கே ஜில் என்பார்கள். ஆணை ஹாப் என்பார்கள். பகல் நீளத் தொடங்கும் மார்ச் மாத வாக்கில் ஜில் சினைப்பருவத்துக்கு வருகிறது. பசு, நாய் போன்றவற்றில் அப்பருவம் தானாகவே வந்து தானாகவே அடங்கிவிடும். ஃபெரெட்டிலோ இணைசேர்க்கை நடந்தால்தான் கருமுட்டை வெளிப்படும். இணை கிடைக்காத ஜில் கோடை முழுவதும் அதே நிலையில் நீடிக்கக்கூடும். அத்தனை வாரங்களும் அதன் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தே இருக்கும், அந்த ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும். சிவப்பணுக்கள் குறைந்து சோகை வரும், தட்டணுக்கள் குறைந்து தோலுக்கடியில் இரத்தப் புள்ளிகள் தோன்றும், ஈறு வெளுக்கும், பின்னங்கால் தளர்ந்து நடை தள்ளாடும். இந்தக் கட்டத்தில் என்னிடம் கொண்டுவரப்படுபவற்றைக் காப்பாற்றுவது கடினம், சிலவற்றை இரத்தம் ஏற்றியும் காப்பாற்ற முடிவதில்லை. முயல் பிடிக்கும் நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். ஃபெரெட்டில் பார்க்க வேண்டிய இடம் வாலடி. அங்கே பெண்ணுறுப்பு வீங்கியிருப்பது தெளிவாகத் தெரியும், அப்படித் தெரிந்த நாளிலேயே மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.

குட்டி ஈனவிடுவது இதற்குத் தீர்வு என்று பழைய வேட்டைக்காரர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஓர் ஈற்றில் ஏழு, எட்டுக் குட்டிகள் பிறப்பது சாதாரணம், அவற்றை வாங்கிப் பொறுப்பாக வளர்க்க ஆள் கிடைப்பதில்லை. மீட்பு இல்லங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. விந்துக்குழாய் துண்டிக்கப்பட்ட ஆண் ஃபெரெட்டோடு சேர விடுவது, பருவம் தொடங்குவதற்கு முன் ஹார்மோன் ஊசி போடுவது, தோலுக்கடியில் ஹார்மோன் குச்சியைப் பதிப்பது ஆகிய மூன்றும் இங்கு நடைமுறையில் உள்ள வழிகள். முன்பெல்லாம் கருப்பையையும் சினைப்பைகளையும் அறுவையில் அகற்றிவிடுவோம். இனப்பெருக்க உறுப்புகளை அகற்றிய ஃபெரெட்டுகளுக்குச் சில ஆண்டுகள் கழித்து அட்ரீனல் சுரப்பி நோய் வருவது அதிகம் என்று தெரிந்த பிறகு, பலரும் தோலுக்கடியில் பதிக்கும் குச்சியையே பரிந்துரைக்கிறோம். வாலிலிருந்து தொடங்கி இருபுறமும் சமமாக முடி உதிர்வது அந்நோயின் அடையாளம். வயது காரணமாக உதிர்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது டிஸ்டெம்பர். நாய்களைத் தாக்கும் இந்த வைரஸ் ஃபெரெட்டுக்குத் தொற்றினால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. முதலில் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும், தாடைக்குக் கீழே தோல் சிவந்து பொருக்கு தட்டும், பாதங்கள் தடித்துக் கெட்டியாகும். வேட்டைக்குப் போகும் ஃபெரெட் பல பண்ணை நாய்களோடு பழகுகிறது, நரியும், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கும் நடமாடும் மண்ணில் மோப்பம் பிடிக்கிறது. ஆகையால் கூண்டிலேயே இருக்கும் ஃபெரெட்டை விட அதற்கே தடுப்பூசி கூடுதல் தேவை. நாய்க்கான தடுப்பூசி எல்லாமே ஃபெரெட்டுக்குப் பாதுகாப்பானவை அல்ல என்பதால், எதைப் போடுவது என்ற முடிவை ஃபெரெட்டில் அனுபவமுள்ள மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

மனிதரின் இன்ஃப்ளூயன்ஸாவும் இவ்விலங்கைத் தொற்றும். லண்டனில் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் 1933இல் மனித ஃபுளூ வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது, நோயாளிகளின் தொண்டை நீரை ஃபெரெட்டுகளின் மூக்கில் விட்டு அவற்றுக்குக் காய்ச்சல் வந்ததைக் கண்டதன் வழியாகத்தான். டிஸ்டெம்பர் ஆய்வுக்காக அங்கே ஃபெரெட்டுகள் முன்பே வளர்க்கப்பட்டு வந்தது அதற்கு உதவியது. வீட்டில் யாருக்காவது ஃபுளூக் காய்ச்சல் என்றால், அவர் தேறும் வரை ஃபெரெட்டைத் தூக்காமல் இருப்பது நல்லது.

உணவைப் பொறுத்தவரை ஒரு பழைய பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்து வைப்பது இந்நாட்டுக் கிராமங்களில் தலைமுறைகளாக நடந்தது. ஃபெரெட்டின் குடல் மிகக் குறுகியது. உண்டது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். மாவுப் பொருளைச் செரிக்கும் அமைப்பு அதற்கு இல்லை. முழு முயல், கோழிக்குஞ்சு போன்ற முழு இரையோ, இறைச்சிப் புரதம் மிகுந்த ஃபெரெட் தீவனமோதான் அதன் உணவு. எப்போதும் தூய நீர் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அன்போடு நீட்டும் சோறு, பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் வேண்டாம். ரப்பர்த் துண்டுகளைக் கடித்து விழுங்கும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. அவை குடலில் அடைத்துக்கொண்டு அறுவை வரை போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

குளிரை உலர்ந்த வைக்கோல் இருந்தால் ஃபெரெட் எளிதாகத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. அதற்கு வியர்த்து உடலைக் குளிர்விக்க இயலாது. 30 டிகிரியைத் தாண்டும் நாள்களில் மூடிய மரக் கூண்டு ஆபத்தான இடமாகிறது. 2022 ஜூலையில் இங்கிலாந்தின் வெப்பநிலை வரலாற்றில் முதன்முறையாக 40 டிகிரியைக் கடந்தது, இனி அத்தகைய நாள்களை எதிர்பார்த்தே கூண்டின் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் முழுவதும் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம், படுத்துக் குளிர ஈரத் துணி சுற்றிய, நீர் உறைந்த புட்டி, இரண்டும் போதும்.

வேட்டைக்கான பயிற்சி என்று தனியாக ஒன்றும் பெரிதாக இல்லை. வளைக்குள் நுழைவதும் துரத்துவதும் அதன் பிறவிக் குணம். நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றே: மனிதர் கையை நம்புவது. குட்டியாக இருக்கும்போதே நாள்தோறும் பலமுறை தூக்கி, தோளில் வைத்து, வளர்ந்த பின்பும் அதை விடாமல் தொடர வேண்டும். கைக்குப் பழகாத ஃபெரெட் வளையின் வாயிலில் தலையை நீட்டிவிட்டு, கை நீண்டதும் உள்ளே பின்வாங்கும். குளிர்காலப் பொழுது சாயும் வரை அதற்காகக் காத்திருக்க நேரும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் பின்வாங்கும். முழு உடலும் வெளியே வரும் வரை பொறுத்து, தோளுக்குக் கீழே மெல்லத் தூக்க வேண்டும்.

நிலத்தில் இறங்கும் முன் நில உரிமையாளரின் அனுமதி, முடிந்தால் எழுத்தில், கையில் இருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுப் பூச்சிகள், தீங்குயிர்கள் சட்டத்தின்படி இங்கிலாந்தின் பெரும்பகுதியில் முயலால் வரும் சேதத்தைத் தடுப்பது நிலத்தை வைத்திருப்பவரின் கடமை என்பதால், உழவர்கள் பொதுவாக வரவேற்பார்கள். எனினும், முயலைக் குறைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1953இல் வந்த மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டன் முயல்களில் நூற்றுக்கு 99 என்ற அளவில் அழித்தது. எஞ்சியவை மீண்டு பெருகிய பின் இரத்தக்கசிவு நோய் வந்து மறுபடி குறைத்தது. பிரெக்லாந்தின் அரிய செடிகளும் பூச்சிகளும் முயல் மேய்ந்து குட்டையாக வைத்திருக்கும் புல்வெளியை நம்பி வாழ்பவை; இங்கே சில இடங்களில் முயல் பெருக வேண்டும் என்றே இயற்கைப் பாதுகாப்பாளர்கள் பாடுபடுகிறார்கள். அத்தகைய நிலத்தில் வேட்டைக்குப் போக வேண்டாம்.

பேட்ஜர் வளையை அடையாளம் காணத் தெரியாதவர் தனியாகப் போகவே கூடாது. அதன் வாயில் முயல் வளையை விட அகலமாக, படுக்கை வாட்டில் கிடக்கும். முன்னே பெரும் மண்மேடும் இழுத்துப்போட்ட பழைய புல்லும் காணப்படும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளையில் குறுக்கிடுவதைக் குற்றமாக்கியுள்ளது, ஃபெரெட்டுக்கும் அங்கே உயிராபத்து.

முயல் குட்டிகள் வளையில் இல்லாத, செடிகொடிகள் பட்டுப்போன அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே உகந்தது. பேச்சும் காலடியோசையும் இன்றி வளையை நெருங்கி, ஒவ்வொரு வாயிலிலும் பர்ஸ் வலை எனப்படும் சுருக்கு வலையை விரித்து, அதன் முளையை மண்ணில் உறுதியாக அடிக்க வேண்டும். விரித்த வலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். மறந்து விட்டுப்போகும் ஒரு வலையில் முள்ளம்பன்றி போல முட்கள் கொண்ட சிறு விலங்கான ஹெட்ஜ்ஹாக்கோ வேறு உயிரோ சிக்கிச் சாகும். கழுத்துப்பட்டையில் அன்று காலை புது பேட்டரி போட்டு, கருவியில் சமிக்ஞை வருகிறதா என்று பார்த்த பிறகே ஃபெரெட்டை உள்ளே விட வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு சிறுவிரல் நுழையும் இடைவெளி போதும். தளர்ந்தால் வேரில் மாட்டும், இறுகினால் மூச்சை நெரிக்கும்.

பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்ற நம்பிக்கை பிழையானது. பசித்த ஃபெரெட் முயலை வெளியே விரட்டாமல் உள்ளேயே கொன்று, தின்று, அங்கேயே உறங்கிவிடும். பிறகு கருவியைக் கொண்டு இடத்தையும் ஆழத்தையும் அறிந்து தோண்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பகுதி மணலில் அது எளிது போலத் தோன்றினாலும் சரியும் அபாயம் மிகுதி. ஃபெரெட்டின் மேலேயே நேராகத் தோண்டாமல் சற்றுப் பக்கவாட்டில் தோண்டி, கடைசி அடியைக் கையால் அகழ வேண்டும். தோண்டிய குழியை மூடாமல் போனால் கன்றோ ஆடோ காலை முறித்துக்கொள்ளும்.

வலையில் விழுந்த முயல் அந்த நொடியிலிருந்து நம் பொறுப்பில் இருக்கும் உயிர். அதற்குத் தேவையற்ற வேதனை தருவது 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம். கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் பிரித்து உடனே உயிர் போகச் செய்யும் முறையை, முதலில் இறந்த முயல்களை வைத்து, அனுபவமுள்ளவரின் கண்முன் பழகிக்கொள்ள வேண்டும். அதில் கை உறுதிப்படாதவர் வலை விரிக்க உதவலாம், தோண்டலாம், முயலைத் தொட வேண்டாம். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இந்தப் பகுதியை அவர்களிடம் முன்பே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வீடு திரும்பியதும் தண்ணீரும் இறைச்சியும் கொடுத்து, ஃபெரெட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண், காது, நகங்கள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டை இருந்த இடம் ஆகியவற்றில் கீறலும் உண்ணியும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். முயலின் பின்னங்கால் உதை வலுவானது. அடிபட்ட ஃபெரெட் அன்று மாலை சோர்ந்து படுத்தால் களைப்பு என்றே தோன்றும். மூச்சு வேகமாகவோ வயிற்றை எக்கியோ வந்தாலும், இரவு உணவைத் தொடாவிட்டாலும், விடியும் வரை காத்திருக்காமல் அவசர மருத்துவரை அழையுங்கள். எலி கடித்த புண் மேலே ஆறியது போலக் காட்டி உள்ளே சீழ் கோக்கும். அதற்கு ஓரிரு நாளில் வீக்கம் தெரியும், அப்போது கிழித்துச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.