காப்பிட்டி தீவுக்குப் போக அனுமதி: பையில்தான் எல்லாம் இருக்கிறது

நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வடக்கே, கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் காப்பிட்டி தீவு இருக்கிறது. 1897இலிருந்து இது பறவைகளுக்கான காப்பகம். அனுமதியின்றி யாரும் இங்கே இறங்க முடியாது. ரங்கட்டிரா, வடமுனை என இறங்குமிடம் இரண்டு. ஒரு நாளில் எத்தனை பேர் இறங்கலாம் என்ற வரம்பு இரண்டுக்கும் தனித்தனி.

அனுமதிக்காகத் தனியே அலைய வேண்டாம். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் உரிமம் பெற்ற படகுக்காரரிடம் பயணத்தைப் பதிவு செய்தால் அவரே எடுத்துத் தருவார். கோடை விடுமுறையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். படகு பராபராமு கடற்கரையிலிருந்து கிளம்பும். காற்று பலமாக இருந்தால் காலையில்கூட ரத்தாகலாம் என்பதால், அதே நாள் மாலைக்கு விமானச் சீட்டு எடுத்து வைக்காதீர்கள்.

பலர் தடுமாறுவது பைச் சோதனையில். பறவைகளுக்கு ஆபத்தான, போஸம் என்னும் மரமேறி விலங்குகளை 1980களில் ஒழித்தார்கள். எலிகளை ஒழிக்க 1996இல் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு தூவினார்கள். அத்தனை உழைப்பும், கருவுற்ற ஒரே ஒரு பெண் எலி உணவுப்பையில் ஒளிந்து கரையேறினால் பாழ். தரையில் கூடு கட்டும் பறவைக்கு எலியிடமிருந்து தப்பத் தெரியாது. எலி இல்லாத மண்ணில் உருவான இனம் அது. ஆகவே முந்தைய இரவே பையைக் காலி செய்து உதறுங்கள். ஓரத் தையலிலும் வெல்க்ரோவிலும் ஒட்டிய விதைகளைப் பிடுங்குங்கள். செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணைத் துலக்குங்கள். சாப்பாடு இறுக மூடும் டப்பாவில் இருக்கட்டும். வாய் திறந்த துணிப்பையும் அட்டைப்பெட்டியும் வேண்டாம். எறும்பும் பல்லியும்கூட இப்படித்தான் வந்து சேரும்.

தீவில் கடை இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. தண்ணீரைக் கொண்டுபோய், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வளர்ப்புப் பிராணிக்கு இடமில்லை. காகா என்னும் காட்டுக்கிளி கையிலிருக்கும் ரொட்டியைப் பறிக்கும். பறக்காத வேக்கா பறவை திறந்து கிடக்கும் பைக்குள் தலைவிடும். பாவம் என்று ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். ஜிப்பை மூடியே வையுங்கள்.

521 மீட்டர் உயர டூட்டெரெமோனா உச்சிக்கு ரங்கட்டிராவிலிருந்து இரண்டு பாதைகள். வில்கின்சன் பாதை சரிவு குறைந்தது. மற்றது செங்குத்து, மழைநாளில் வழுக்கும். படகு திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு ஏறுங்கள். பகலில் டக்காஹே, டியெக்கே பறவைகள் கண்ணில் படலாம்.

குட்டிப் புள்ளிக் கிவி என்னும் பறக்காத பறவை இரவில்தான் வெளியே வரும். அந்த இனம் மற்ற இடங்களில் அழிவின் விளிம்புக்குப் போனபோது அதைக் காப்பாற்றியது இந்தத் தீவுதான். அதைப் பார்க்க விரும்பினால், வடமுனையில் மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) குடும்பத்தார் தங்கள் சொந்த நிலத்தில் நடத்தும் தங்குமிடத்தில் முன்பதிவு செய்யுங்கள்; இரவு நடைக்கு அவர்களே வழிகாட்டி அழைத்துப் போவார்கள்.