கடலோரத்து லென்ஸுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் ஆல்கஹால்

புதுச்சேரி, கடலூர் பக்கம் சர்வீஸ் மேசைக்குக் கீறலோடு வரும் கேமரா லென்ஸ்களில் பல, கீழே விழுந்து கெட்டவை அல்ல, துடைத்தே கெட்டவை. முன்கண்ணாடியின் நடுப்பகுதியில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டு, மங்கலாகத் தெரிகிறதே என்று சட்டை நுனியால் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினாலே அந்தக் கோடு விழுந்துவிடலாம்.

அந்த ராக் பீச்சில் அலை பாறையில் மோதும்போது கிளம்பும் சாரல் கண்ணுக்குத் தெரிவதைவிட வெகுதூரம் வரும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஒரு சொட்டு என்பது 0.05 மில்லி, அது காய்ந்தால் சுமார் 1.7 மில்லிகிராம் உப்பு கண்ணாடியில் தங்கும். உப்பு கண்ணாடியைவிட மிருதுவானது. தனியாக அது கீறாது. ஆனால் காயும்போது காற்றில் வந்த மணல் தூளையும் சேர்த்து ஒட்டவைத்துவிடுகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம், 10 வரை போகும் மோஸ் அளவில் 7. லென்ஸ் கண்ணாடிகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். கண்ணாடி மேல் ஒளி தெறிக்காமலிருக்கப் பூசிய கோட்டிங்கோ, ஒற்றை அடுக்கு மக்னீசியம் ஃபுளோரைடு என்றால், ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். உப்பால் ஒட்டிய மணலைத் துணியால் தேய்ப்பதன் பொருள் இப்போது புரியும்.

இதுதான் பலரும் தவறும் இடம். புளோயரால், அதாவது அழுத்தினால் காற்று பீச்சும் ரப்பர் பந்தால், ஊதினால் போதும், போகாததை லென்ஸ் கிளீனர் போட்டுத் துடைக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. கடலில்லாத ஊருக்கு அது சரி. உப்பால் ஒட்டிய துகளைப் புளோயர் அசைக்காது. கிளீனர்களில் பலவற்றில் ஆல்கஹால்தான் முக்கியச் சரக்கு. உப்பு அதில் கரையவே கரையாது என்று சொல்லலாம். அதே உப்பு 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் வரை கரையும். ஆகவே நம் ஊரில் வரிசை: ஊது, தண்ணீரால் கரை, அப்புறம் ஆல்கஹால்.

எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீர் வேண்டாம். கடலோர போர்வெல் நீரில் உப்பும் சுண்ணாம்பும் தாராளமாக இருக்கும், காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கேன் தண்ணீரிலும் தாதுக்கள் உண்டு. எளிதான வழி மருந்துக்கடை. ஊசி மருந்துப் பொடியைக் கலக்கக் கொடுக்கும் சுத்திகரித்த நீர், 5 அல்லது 10 மில்லி சின்ன ஆம்பியூலாகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இனி இதை ஊசி நீர் என்றே சொல்கிறேன். ஒரு லென்ஸுக்கு ஒன்று தாராளம். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்று இருந்தால் அது சலைன், அதாவது உப்புத் தண்ணீர். அவசரத்தில் இதைக் கொடுத்துவிடுவார்கள்.

ஆல்கஹாலுக்கு, மொபைல் சர்வீஸ் கடைகள் போர்டு கழுவப் பயன்படுத்தும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சர்ஜிகல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெயும் வாசனைப் பொருளும் சேர்ந்திருக்கும். கை சானிடைசரில் கிளிசரின் இருக்கும், படலம் விடும். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக் கூடாது, லென்ஸ் பேரலில் (வெளிக்குழாயில்) உள்ள பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் கரைத்துவிடும். ஜன்னல் துடைக்கும் திரவமும் டூத்பேஸ்டும்கூட சிலர் பூசுகிறார்கள். டூத்பேஸ்ட் என்பதே ஒரு தேய்ப்பான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி வேலை. கடற்கரையிலேயே செய்யாதீர்கள், அங்கே மூடி போட்டு எடுத்து வருவதோடு சரி. வீட்டில் ஃபேனை நிறுத்துங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஜூம் லென்ஸ் என்றால் முதலில் ஒரு விஷயம். நீண்டிருக்கும் பேரலை உள்ளே இழுக்காதீர்கள். அதன் மேல் படிந்த உப்பும் மணலும் அப்படியே உள்ளே போய்விடும். ரிங் கரகரவென்று சுற்றுவது அதனால்தான். முழுதாக நீட்டி, மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, ஊசி நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபரால் பேரலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிய பிறகே மூட வேண்டும்.

அடுத்து கண்ணாடி. லென்ஸைக் குப்புறப் பிடித்து, கீழிருந்து ராக்கெட் புளோயரால் எட்டுப் பத்துத் தடவை ஊதுங்கள். கிளம்பிய தூசி கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்பிரே டப்பாவில் வரும் காற்றைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்தபடியே கண்ணாடியில் பீச்சும். பிறகு லென்ஸ் துடைக்கவென்றே விற்கும் மென்தாளான லென்ஸ் டிஷ்யூ ஒன்றை நான்காக மடித்து, இரண்டு மூன்று சொட்டு ஊசி நீர் விட்டு, கண்ணாடி மேல் *வையுங்கள்*. தேய்க்காதீர்கள். பத்து விநாடி அப்படியே இருக்கட்டும். உப்பு கரைந்து, மணல் ஈரத்தோடு டிஷ்யூவில் ஏறும். நேராகத் தூக்கி எடுத்து எறிந்துவிடுங்கள். புதிய டிஷ்யூவில் இதையே இன்னும் இரண்டு தடவை. சாரல் அதிகம் பட்டிருந்தால் நான்கைந்து தடவைகூட ஆகும். டிஷ்யூவில் சிக்கனம் பார்க்கும் வேலை இது இல்லை.

தண்ணீரோ ஆல்கஹாலோ, சொட்டு டிஷ்யூவில்தான் விழ வேண்டும், கண்ணாடியில் அல்ல. நேரே விட்டால் விளிம்புக்கு ஓடி, கண்ணாடிக்கும் வளையத்துக்கும் நடுவே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். அங்கே கரை கட்டினால் பிரிக்காமல் துடைக்க முடியாது.

உப்பு போனபின் இன்னொரு டிஷ்யூவில் ஒரே ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருளாக, டிஷ்யூவின் எடை மட்டும் படும்படி ஒரு முறை. விரல் ரேகை, முகத்து எண்ணெய் எல்லாம் இதில் போய்விடும். கடைசியாக மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஓரிரண்டு தூசி தெரிந்தால் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடித் தூசி படத்தில் வருவது அபூர்வம். அதைத் துரத்தப் போய்த்தான் பலர் கோட்டிங்கைத் தேய்க்கிறார்கள். பின்கண்ணாடி வேறு கதை: அங்கே சிறு விரல் ரேகைகூடப் படத்தின் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும். லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்து, கறுப்புப் புள்ளி எந்த லென்ஸ் மாட்டினாலும் ஒரே இடத்தில் வந்தால் அது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் உள்ள தூசி. சென்சாருக்கு லென்ஸ் டிஷ்யூவோ லென்ஸ் பேனாவோ தொடக்கூடாது. அதைத் துடைக்கும் ஸ்வாப் தனி.

லென்ஸ் பேனாவின் கரித்தூள் முனை விரல் ரேகைக்கு அருமையான சாமான். ஆனால் கடற்கரையில் ஒரு தடவை பயன்படுத்தினால் முனையில் உப்பும் மணலும் ஏறிக்கொள்ளும். அடுத்து தொடும் லென்ஸ் அதன் பலி. மைக்ரோஃபைபர் துணியும் அப்படியே. கேமரா பையின் வெளிப்பாக்கெட்டில் திறந்து கிடக்கும் துணி துடைக்க அல்ல, கீறத்தான் உதவும். ஜிப் கவரில் வையுங்கள். சாதாரண சோப்பில் அலசலாம்; துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் அதன் படலம் லென்ஸில் ஏறும்.

முகூர்த்த நாட்களில் திருவந்திபுரத்தில் வரிசையாகக் கல்யாணம் எடுப்பவர்களுக்கு அழுக்கு வேறு வகை. பன்னீர்ச் சொம்பிலிருந்து தெறிக்கும் துளி காய்ந்தால் தண்ணீர் முறையே போதும். ஹோமப் புகையும் நெய்யும் சேர்ந்த படலத்துக்குத் தண்ணீர் உதவாது, ஆல்கஹாலும் அதை இழுவி மட்டும் விடும். 100 மில்லி சுத்திகரித்த நீரில் ஒரு சொட்டு குழந்தைகள் ஷாம்பு கலந்து, டிஷ்யூவில் நனைத்து ஒற்றி, பின் வெறும் நீர், பின் ஆல்கஹால். ரிசப்ஷன் மேடைப் புகை இயந்திரத்தின் திரவத்தில் கிளைக்காலோ கிளிசரினோ இருக்கும். அது நீரிலேயே கரையும். மஞ்சள் தூளும் குங்குமமும் விழுந்தால் ஊதுவது மட்டும் முதலில். ஈரம் பட்டால் சாயம் இறங்கி விளிம்பில் தேங்கும்.

லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் பாதுகாப்பு ஃபில்டர் தேவையா என்ற வாக்குவாதம் ஓயாதது. கடலோரத்தில் மட்டும் பதில் தெளிவு: மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கூட்டத்தோடு அலைக்குள் நிற்பவர் மாட்டத்தான் வேண்டும். ஃபில்டரைக் கழற்றிக் குழாயிலேயே கழுவி, ஊசி நீரால் அலசிவிடலாம். லென்ஸை அப்படிச் செய்ய முடியாது. இரவில் விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பேய் ஒளி, அதாவது விளக்குகளின் போலி பிம்பம், படத்தில் விழும். மாதம் ஒரு முறையாவது கழற்றி மாட்டாவிட்டால் உப்பு ஏறிய அலுமினியத் திருகு இறுகிவிடும். அப்போது கொறடு போடாமல், அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க வியர்க்கும். 23 டிகிரியில் இருந்த கண்ணாடி, கோடையில் நம் கடற்காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே இருப்பதே காரணம். அதைத் துடைப்பது வீண்வேலை, மறுபடி வியர்க்கும். அறையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் கவரின் வெளிப்புறத்தில் படியும்.

கழுவாமல் வைத்த உப்பு உள்ளே இருந்தும் தொல்லை தரும். சமையல் உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் அந்தப் படலம் இங்கே காய்வதே இல்லை. கூடவே எண்ணெய்ப் பசையும் இருந்தால் பூஞ்சை வர வேறென்ன வேண்டும்? லென்ஸை வைக்க இவை போதும்: மூடி இறுகும் 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். அரிசி போடாதீர்கள், மாவுத்தூள் பறக்கும். பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம்; அதன் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படியும்.

உள்ளே சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது வெளியிலிருந்து துடைக்கும் விஷயம் இல்லை. முன்பக்கக் கண்ணாடிக் குழுவின் பின்புறத்தில் இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்வது எளிது. ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே என்றால் கேமராவோடு சேர்த்தே வரும் கிட் லென்ஸுக்கு அந்தச் செலவு கட்டாது. இழை போன பிறகும் கோட்டிங்கில் அதன் தடம் இருந்தால், பூஞ்சை விட்ட அமிலம் அரித்த இடம் அது; அதை எந்தத் திரவமும் எடுக்காது.