சைல்ட் சப்போர்ட் மசோதா: சட்டம் மாறினால் உங்கள் தொகை தானாக மாறுமா?

அமெரிக்காவில் சனவரி பிறந்ததும் பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் கூடிவிடும். கூடவே வாட்ஸாப் குழுக்களிலும் செய்தி சுற்ற ஆரம்பிக்கும். "சைல்ட் சப்போர்ட் குறையப் போகுதாம்", "காலேஜ் முடிக்கிற வரைக்கும் கட்டணுமாம்". இதை நம்பி, அடுத்த மாதமே தொகையைத் தாங்களாகவே குறைத்துக் கட்டியவர்கள் உண்டு. எவ்வளவு பாக்கி ஏறிவிட்டது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிய வரும். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மசோதா சட்டமே ஆனாலும் உங்கள் கையிலிருக்கும் நீதிமன்ற உத்தரவு தானாக மாறாது. மாற்றச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்ட தேதியைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர், குழந்தையை வைத்து வளர்ப்பவருக்கு மாதாமாதம் தரும் பராமரிப்புத் தொகைதான் சைல்ட் சப்போர்ட். சட்டம் இதைக் குழந்தையின் உரிமையாகவே பார்க்கிறது. பெறுபவருக்கு இதன்மேல் வருமான வரி கிடையாது. கொடுப்பவர் வரிக்கழிவு கேட்கவும் முடியாது.

தொகையைக் கணக்கிடும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பெரும்பாலான மாநிலங்கள் இருவர் வருமானத்தையும் கூட்டி, அதில் குழந்தைக்கு ஆகும் செலவை அவரவர் பங்குக்கேற்பப் பிரிக்கின்றன. டெக்சாஸ் கணக்கு வேறு. கட்டுபவரின் நிகர வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 20 சதவீதம், இரண்டு குழந்தைகளுக்கு 25 என்று போகும். எந்த வயது வரை என்பதிலும் வேறுபாடு உண்டு. பல மாநிலங்களில் 18 வயதோடு, அல்லது பள்ளிப் படிப்பு முடிந்ததும் நின்றுவிடும். நியூயார்க்கில் 21 வரை. பக்கத்து மாநிலத்து நண்பர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அதற்காக மாநிலங்கள் நினைத்தபடியெல்லாம் மாற்றிவிட முடியாது. 1975ல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஒன்று இதற்கெல்லாம் மேலே நிற்கிறது. மாநிலங்கள் சைல்ட் சப்போர்ட் துறையை நடத்தச் செலவிடும் ஒவ்வொரு 100 டாலரிலும் 66 டாலரை வாஷிங்டன் தருகிறது. பதிலுக்குச் சில நிபந்தனைகள்: கணக்கீட்டு விதி எழுத்தில் இருக்க வேண்டும், அதை 4 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும், சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்ய வழி இருக்க வேண்டும். இதற்கு முரணான மசோதா வந்தால் பணம் போய்விடும் என்று மாநில அதிகாரிகளே எச்சரிப்பார்கள். "சைல்ட் சப்போர்ட்டையே ஒழிக்கிறார்கள்" என்ற வகைச் செய்தியைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம்.

மத்திய விதிகளில் மிகக் கடுமையானது 1986ல் வந்தது; பிராட்லி திருத்தம் என்பார்கள். கெடு தாண்டிய ஒவ்வொரு தவணையும் அன்றைக்கே நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமான கடனாகிவிடும். பின்னால் எந்த நீதிபதியும் அதைக் குறைக்க முடியாது. தொகையைக் குறைக்கக் கேட்டு மனு போட்டு, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன நாளுக்குப் பிந்தைய தவணைகளை மட்டுமே மாற்றலாம். மாதம் 1,200 டாலர் கட்டும் ஒருவருக்கு மார்ச்சில் வேலை போகிறது என்று வையுங்கள். புது வேலை கிடைத்துவிடும் என்று காத்திருந்து செப்டம்பரில் மனு போடுகிறார். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதம், 7,200 டாலர். வேலையே இல்லை என்று நிரூபித்தாலும் அத்தனையும் கடன்தான். கலிபோர்னியாவாக இருந்தால் அதன்மேல் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் ஏறும். எச்1பி விசாவில் இருந்து வேலை இழப்பவர்களுக்கு விசா கவலையே தலைக்கு மேல் இருக்கும். ஆனாலும் அதே வாரத்தில் இந்த மனுவையும் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இனி மசோதாவை எப்படிப் படிப்பது. சட்டமன்ற இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் முழு வாசகமும், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் கிடைக்கும். குழுவுக்குப் போயிருக்கிறதா, அவையில் நிறைவேறியதா, ஆளுநர் கையெழுத்திட்டாரா என்று பாருங்கள். குழுவிலேயே நின்றுபோகும் மசோதாக்கள் ஏராளம். பிறகு கடைசிப் பிரிவுகளுக்குப் போங்கள். அமலுக்கு வரும் தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஏற்கெனவே உள்ள உத்தரவுகளுக்கும் பொருந்துமா, சட்டம் மாறியதையே காரணமாகக் காட்டி மறுகணக்கு கேட்கலாமா என்பதையும் தேடிப் பாருங்கள். கலிபோர்னியாவின் எஸ்பி 343 என்ற மசோதா 2023ல் சட்டமானது. அதன் புதிய கணக்கீடு 2024 செப்டம்பர் 1ல்தான் நடைமுறைக்கு வந்தது.

சில மாற்றங்களுக்கு மசோதாவே தேவைப்படாது. டெக்சாஸில் கணக்கில் எடுக்கும் மாத நிகர வருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. விலைவாசிக்கேற்ப 6 ஆண்டுக்கு ஒருமுறை அது உயரும். 2025 செப்டம்பர் 1 முதல் 9,200 டாலர் 11,700 ஆயிற்று. ஒரு குழந்தைக்கு 1,840ஆக இருந்த உச்சத் தொகை 2,340 ஆகிறது. பழைய உத்தரவு வைத்திருக்கும் தாய்க்கு அந்த 500 டாலர் தானாக வந்துவிடாது. உத்தரவு போட்டு 3 ஆண்டு கடந்து, புதுக் கணக்கில் 20 சதவீதமோ 100 டாலரோ வித்தியாசம் வந்தால் பொதுவாக மாற்றம் கேட்கலாம்.

குழந்தை யாரிடம் எத்தனை இரவு தங்குகிறது என்பதைத் தொடும் மசோதாக்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். தலைப்பில் பணம் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது, ஆனால் பணத்தைத்தான் மாற்றும். புளோரிடாவில் ஆண்டுக்கு 20 சதவீத இரவுகள், அதாவது 73 இரவுகள், பெற்றோர் ஒவ்வொருவரிடமும் குழந்தை தங்கினாலே கணக்கிடும் முறை மாறிவிடும். வார இறுதிகளை விட்டுக்கொடுப்பதும் கேட்டு வாங்குவதும் வெறும் பாசச் சண்டையாக மட்டும் முடிவதில்லை.

மறுகணக்கு கேட்க வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் வழக்கு மாநில சைல்ட் சப்போர்ட் அலுவலகத்தின் வழியாக நடந்தால், 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு கேட்கும் உரிமை கட்டுபவர், பெறுபவர் இருவருக்குமே உண்டு. இடையில் வேலை போனாலோ வருமானம் பெரிதாக மாறினாலோ அதற்கு முன்பும் கேட்கலாம். சம்பளச் சீட்டு, குழந்தையின் மருத்துவக் காப்பீட்டுக்கும் டேகேருக்கும் கட்டிய ரசீதுகள், பழைய உத்தரவின் நகல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கொடுத்த தேதிக்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு எப்போது போகும் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.