அகண்டதா, அகன்றதா: ‘புரோட்பாண்ட்’ படும் பாடு

“அகண்ட அலைவரிசை முதலீடு அரசியல் சச்சரவுகளால் பின்னடைவு” என்கிற தோரணையில் செய்தி வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘புரோட்பாண்ட்’ என்பதைத்தான் தமிழில் ‘அகண்ட அலைவரிசை’ என்கிறார்கள். அவுஸ்திரேலியாவைப் பற்றி வந்தாலும் இப்படித்தான், இந்தியாவைப் பற்றி வந்தாலும் இப்படித்தான். மட்டக்களப்பில் தேநீர்க் கடையில் இருந்து இதைக் கேட்கிற ஒருவருக்கு என்ன விளங்கும்? ஏதோ வானொலி நிலையத்துக்கு அலைவரிசை கொடுப்பதில் கட்சிகளுக்குள் தகராறு என்றுதான் விளங்கும். அலைவரிசை என்ற சொல்லை நாங்கள் இத்தனை காலமும் அதற்குத்தானே வைத்திருக்கிறோம். அதன் தலையில் ‘அகண்ட’ என்று ஒன்றை வேறு ஏற்றியிருக்கிறார்கள். அது இன்னும் பெரிய கரைச்சல்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாண்ட் என்பது இங்கே வாத்தியக் கோஷ்டி இல்லை. மீடிறன்களில் ஒரு கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடைப்பட்ட பகுதி. (மீடிறன் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தமிழ்நாட்டார் அதிர்வெண் என்பார்கள்.) பழைய தொலைபேசிக் கம்பியில் குரலுக்கென்று ஒதுக்கியது ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான சின்னத் துண்டு. அதே செப்புக் கம்பியில் அதற்கு மேலே சும்மா கிடந்த இடத்தை, 1.1 மெகாஹேர்ட்ஸ் வரை, ஏடிஎஸ்எல் என்கிற இணைய இணைப்பு முறை எடுத்துக்கொண்டது. ஒடுக்கமான பட்டையில் ஓடியது அகலமான பட்டையில் ஓடத் தொடங்கியதால் அந்தப் பெயர் வந்தது. பிறகு செப்பு போய்க் கண்ணாடி இழை (ஒளியிழை) வந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அதன் பொருள் எந்நேரமும் தொடுப்பில் இருக்கிற வேகமான இணையம், அவ்வளவுதான்.

சரி, இனி ‘அகண்ட’வுக்கு வருவோம்.

அது வடசொல். கண்டம் என்றால் துண்டு, முன்னால் நிற்கும் அகரம் இன்மையைக் காட்டுவது. ஆக, துண்டுபடாதது. அகண்ட தீபம் என்றால் இடையில் அணையாமல் எரிகிற விளக்கு. அதன் சுடர் எவ்வளவு அகலம் என்று யாரும் பார்ப்பதில்லை. அகண்ட பாரதம் என்றால் பிரிவுபடாத பாரதம். தமிழ்நாட்டில் அகண்ட காவிரி என்பார்கள்; முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதற்கு முன்னால் ஒன்றாய் ஓடுகிற காவிரி அது. அந்த இடத்தில் ஆறு அகலமாகவும் கிடப்பதால் பார்த்தவர்கள் அகலத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று எனக்கு ஒரு சந்தேகம். அகன்ற என்பது இதற்கு உறவே இல்லாத சொல். ‘அகல்’ என்ற நம்முடைய வினையடியில் பிறந்தது. அகலம், அகலமான, அகன்ற எல்லாம் ஒரே குடும்பம்.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் மடக்கினார். கெட்டிக்காரர், தமிழ் படிப்பிக்கிறவர். “ஒன்று என்பதை நாங்க ஒண்டு எண்டுதானே சொல்றம்? மூன்று மூண்டு, தென்னங்கன்று தென்னங்கண்டு. அப்படிப் பார்த்தா அகன்ற, அகண்ட ஆகிறதில என்ன பிழை?” நல்ல கேள்வி. எங்கள் பேச்சில் ‘ன்ற’ எல்லாம் ‘ண்ட’ ஆகத்தான் செய்கிறது. கிரான்குளத்தில் ஒரு கிழவி “வாய் அகண்ட பானை” என்று சொன்னால் அவர் வாயில் வருவது சுத்தமான தமிழ், அகல் என்பதன் பிள்ளை. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அதே செய்தியாளர் “ஒண்டு, ரெண்டு, மூண்டு மில்லியன் டொலர்” என்று எழுதுவாரா? அங்கெல்லாம் எழுத்துத் தமிழைக் கவனமாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இந்த ஓர் இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழுக்கு இறங்கியிருக்கிறார் என்று நம்பச் சொல்கிறீர்களா? இன்னொன்று. இந்தச் சொல் அச்சில் வந்ததில் பெரும்பங்கு சென்னைப் பத்திரிகைகளுக்கு. அங்கே ஒன்று ‘ஒண்ணு’ ஆகும், கன்றுக்குட்டி ‘கண்ணுக்குட்டி’ ஆகும். அந்தப் பேச்சு வழக்கு ‘அகண்ட’வைப் பெற்றுத்தராது. ஆகவே அங்கே அது வடசொல்லையும் தமிழ்ச்சொல்லையும் போட்டுக் குழப்பியதால் வந்தது. நாங்கள் அதைக் கேள்வி கேட்காமல் இறக்குமதி செய்தோம், பிறகு எங்கள் ‘ஒண்டு’வைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

இதில் எனக்கு வடசொல் மேல் பகை எதுவும் கிடையாது. பொருள் சரியாக இருந்தால் வடசொல்லும் சரி, ஆங்கிலச் சொல்லும் சரி. துண்டுபடாத இணையம் என்று சொன்னால் மாரி காலத்தில் எங்கள் பக்கத்துக் கம்பிகளைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள், அதுதான் பிரச்சினை. உப்புக் காற்றில் கிடந்த செப்புக் கம்பியின் மூட்டு ஒன்றை ஒரு தடவை திருத்துநர் பிரித்துக் காட்டினார். பச்சைக் களிம்பு, தொட்டால் பொடியாகிறது. நவம்பர் மழை அதற்குள் இறங்கினால் போனில் கரகரவென்று சத்தம், இணையம் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் போய் வரும். அதற்கு மாதப் பட்டியல் மட்டும் அகண்டமாக, ஒரு மாதமும் துண்டுபடாமல் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் ‘அலைவரிசை’. அகண்டவை அகன்ற என்று திருத்தினாலும் இந்த வால் நிற்கிறது. வரிசை என்றால் 2022 இல் பெற்றோலுக்கு நின்றோமே, அது. வானொலிக்கு அலைவரிசை என்று வைத்தது பழகிப்போனது, இருக்கட்டும். ஆனால் புரோட்பாண்ட் என்பது ஒரு நிலையம் ஒலிபரப்புகிற இடத்தைக் குறிக்கிற சொல்லே இல்லை. நிலத்துக்குக் கீழே குழாயில் ஓடுகிற கண்ணாடி இழையைப் பற்றிய செய்தியில் அலைவரிசை என்று எழுதினால் வாசிக்கிறவர் வானத்தைத்தான் பார்ப்பார். ‘அகலக்கற்றை’ என்று இன்னொன்று உலாவுகிறது. ஸ்பெக்ட்ரத்தை அலைக்கற்றை என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதியெழுதி வந்த வினை அது. கற்றை என்றால் கட்டு, தொகுதி; விஞ்ஞானப் பாடத்தில் ஒளிக்கற்றை. பாலமீன்மடு வெளிச்சவீட்டிலிருந்து வருவதற்கு வேண்டுமானால் அந்தப் பெயரை வைக்கலாம்.

என் தெரிவு அகலப்பட்டை. நான் உண்டாக்கிய சொல் இல்லை, ஏற்கெனவே புழங்குகிறது. மீடிறன் பட்டை என்று பிள்ளைகள் படிக்கிறார்கள், பட்டையகலம் என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். அதே பட்டைதான் இதுவும், புதிதாக ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பட்டை என்றால் மரப்பட்டை, கறுவாப்பட்டை என்று நக்கலடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்புப்பட்டையும் மணிக்கூட்டுப் பட்டையும் இவர்களிடம் இல்லையா? நீளமாய், குறித்த அகலத்தோடு கிடப்பது பட்டை. அகலம் என்ற சொல்லுக்கு இன்னொரு நன்மை, அதை அளக்கலாம். “எவ்வளவு அகலம்?” என்று கேட்கலாம். “எவ்வளவு அகண்டம்?” என்று கேட்க முடியாது, துண்டுபடாததில் கூடுதல் குறைவு ஏது?

எவ்வளவு அகலம் என்கிற அந்தக் கேள்விதான் அரசியல்வாதிகளின் பிடுங்குப்பாடு முழுவதற்கும் மையம். அமெரிக்காவில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு காலத்தில் விநாடிக்கு 200 கிலோபிட் ஓடினாலே அகலப்பட்டை என்றது. 2010 இல் அது 4 மெகாபிட் ஆனது. 2015 இல் தரவிறக்கத்துக்கு 25, தரவேற்றத்துக்கு 3 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். அந்த வாக்கெடுப்பு மூன்றுக்கு இரண்டு, கட்சி பிரிந்த பிரிவில் அப்படியே. 2024 இல் 100 மெகாபிட். இந்த எல்லைக்கோட்டை உயர்த்தினால் நேற்றுவரை ‘இணைப்பு உண்டு’ என்று கணக்கில் இருந்த வீடுகள் ஒரே இரவில் ‘இணைப்பு இல்லை’ ஆகிவிடும். அரசு காசு செலவழிக்க வேண்டி வரும். சண்டை வராமல் என்ன செய்யும்?

அவுஸ்திரேலியா இதைவிட நல்ல உதாரணம். 2009 ஏப்ரலில் தொழிற்கட்சிப் பிரதமர் கெவின் ரட் 43 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர் செலவில் நாட்டின் நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் ஒளியிழை என்று அறிவித்தார். வீட்டுச் சுவர் வரைக்கும் இழை. 2010 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனபோது, டோனி வின்ட்சர் என்ற கிராமப்புறச் சுயேச்சை உறுப்பினர் தொழிற்கட்சிப் பக்கம் சாய்ந்ததற்கு இந்தத் திட்டத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். 2013 இல் எதிர்க்கட்சிக் கூட்டணியின் டோனி அபோட்டும் மல்கம் டேர்ன்புல்லும் வேறு கணக்கோடு வந்தார்கள். தெருமுனைப் பெட்டி வரை இழை, அதிலிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பி, 29.5 பில்லியனில் முடியும், சீக்கிரமும் முடியும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆட்சியும் மாறியது, தோண்டிக்கொண்டிருந்த திட்டமும் பாதியில் மாறியது. கடைசியில் செலவு 50 பில்லியனைத் தாண்டியது. செப்பில் தூரம் கூடக் கூட வேகம் விழும், மூட்டுக்கு மூட்டு நோய் வேறு. 2020 செப்டம்பரில் அதே கூட்டணி அரசே, விரும்புகிறவர்களுக்கு வீடு வரை இழை கொடுக்க 3.5 பில்லியன் ஒதுக்குவதாக அறிவித்தது. தொடங்கின இடத்துக்கே ஒரு சுற்று.

மெல்பேர்ணில் இருக்கிற மருமகன் ஒரு நாள் சொன்னான்: “மாமா, பைபர் எங்கட ரோட்டுக்கு வந்திட்டு, வீட்டுக்குத்தான் வரல்ல.” “அது என்ன மனே, விருந்துக்கு வந்தவன் வாசலில நிக்கிற மாதிரி?” என்று கேட்டேன். அவன் சொன்ன அந்த ஒரு வசனத்தில் இருந்த செய்தி எங்கள் பத்திரிகைகளில் வந்த எந்தப் பந்தியிலும் இருக்கவில்லை. ரட் போட்டதும் ‘தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டம்’, அபோட் போட்டதும் ‘தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டம்’. இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதினால் எதற்காக அடிபடுகிறார்கள் என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சும்மா பதவி ஆசை என்று நினைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். எங்கள் நாட்டிலும் ஸ்ரீ லங்கா டெலிகொம்மில் அரசின் பங்கை விற்பதா வைத்திருப்பதா என்று 2023 இல் இழுபறி நடந்தது. விற்றால் கல்முனைக்கும் வாகரைக்கும் இழை இழுக்க யார் காசு போடுவார், போடாவிட்டால் யார் கேட்பார் என்பதுதான் எங்களுக்கு வேண்டிய விவரம். செய்திகளில் கிடைத்ததோ ‘முதலீட்டுச் சூழல்’, ‘மறுசீரமைப்பு’, ‘வினைத்திறன்’.

இப்போது மொழிபெயர்ப்பாளர்களை ஏசாமல் இருக்க முடியவில்லை. நானும் அந்தத் தொழிலில் சோறு தின்கிறவன் என்பதால் எனக்கு உரிமை உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவரை அந்தக் கதிரையில் இருத்தியது தமிழ்ப் புலமை மட்டுமில்லை. விஞ்ஞானம் படித்தவர், படிப்பித்தவர். பொருள் கைக்கு வந்த பிறகுதான் சொல்லைத் தேடுவது என்கிற ஒழுங்கு அப்போது இருந்தது. இன்றைக்கு ஒழுங்கு தலைகீழ். ஆங்கிலச் சொல்லைத் தேடுபொறியில் போடு, முதலில் வருகிற தமிழை எடுத்து ஒட்டு, பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் அனுப்பு. அந்தத் தமிழை முதலில் எழுதினவரும் அப்படித்தான் எடுத்திருப்பார். மறுபக்கத்தில் தூய தமிழ்க்காரர் சிலர் நாளுக்கொரு சொல் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமும் ஏடிஎஸ்எல்லுக்கும் ஒளியிழைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பதில் வராது. சச்சரவு என்ற சொல்லையே பாருங்களேன். எந்தச் சண்டைக்கும் அதுதான். பிடுங்குப்பாடு, இழுபறி, கொழுவல் என்று ஊரில் எத்தனை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாயல்.

கதைக்கும்போது நெட் என்றோ பைபர் என்றோ சொல்வதை யாரும் மாற்ற வேண்டியதில்லை, நானும் மாற்றப் போவதில்லை. எழுதுகிற இடத்தில் பொதுப்பெயராக அகலப்பட்டை போதும். ஆனால் காசும் கட்சியும் சம்பந்தப்பட்ட செய்தியில் அந்தப் பொதுப்பெயரோடு நிற்காமல் ‘வீடு வரை ஒளியிழை’, ‘தெருப்பெட்டி வரை ஒளியிழை’ என்று பிரித்து எழுதுங்கள். வேகத்தையும் எண்ணில் போடுங்கள், ‘அதிவேக’ என்று மட்டும் எழுதினால் பத்து மெகாபிட்டும் அதுதான், ஆயிரமும் அதுதான். எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று: அகலப்பட்டை என்று சேர்த்தே எழுத வேண்டும். ‘அகலப் பட்டை’ என்று இடைவெளி விட்டால் அது ஏதோ ஓர் அகலமான பட்டை, கறுவா விற்கிறவருக்குத்தான் உதவும்.