ஸ்டியரிங் கவர் ஏன் சுருக்கம் விழுது, ஏன் கையோட சுத்துது?

பேஸ் மாடல் கார், அதாவது இருக்குறதுலயே விலை கம்மியான மாடல், எடுத்தவங்க எல்லாருக்கும் வர்ற ஆசைதான் ஸ்டியரிங்குக்கு கவர் போடுறது. சீட் கவர் போட்டாச்சு, மியூசிக் சிஸ்டம் மாத்தியாச்சு, அடுத்து கண்ணை உறுத்துறது அந்த மொழுக்குன்னு இருக்குற கறுப்பு ஸ்டியரிங்தான். பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் அது பாலியூரித்தேன் ஃபோம். உள்ள ஒரு உலோகக் கூடு இருக்கும், அதை அச்சுக்குள்ள வச்சு ரெண்டு கெமிக்கலைக் கலந்து ஊத்துவாங்க, கலவை நுரைச்சு பொங்கி அச்சு முழுக்க நிறையும். அச்சோட சுவர் பக்கம் சூடு கம்மிங்கிறதால அங்க மட்டும் குமிழி சரியா உருவாகாது, அதனால வெளிப்பக்கம் தோல் மாதிரி கெட்டியாவும் உள்ள பஞ்சு மாதிரியும் ஒரே ஊத்துல வந்துடுது. தோலை தனியா ஒட்டுற வேலையே கிடையாது, அதான் பேஸ் மாடலுக்கு இது.

இந்த ஃபோமுக்கு எதிரி நம்ம ஊர் வெயிலும் வேர்வையும்தான். பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேனா இருந்தா ஈரப்பதம் அதோட மூலக்கூறைக் கோர்த்து வச்சிருக்குற எஸ்டர் பிணைப்பை உடைக்கும், உடையுறப்ப அமிலம் வரும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடையுறதை இன்னும் வேகப்படுத்தும், அதனாலதான் ஸ்டியரிங் ஒருதடவை பிசுபிசுன்னு ஆக ஆரம்பிச்சா அப்புறம் வேகமா மோசமாகுது. பாலிஈதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனா வெயிலோட புற ஊதாவும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை அரிச்சிடும். கையில இருக்குற எண்ணெய், சன்ஸ்கிரீன், சானிடைசர் எல்லாம் இதுக்கு மேல. சிலர் டேஷ்போர்டு பாலிஷை ஸ்டியரிங்லயும் தடவுறாங்க, தயவுசெஞ்சு வேணாம், பளபளப்பு வரும், பிடிமானம் போயிடும்.

சரி, அக்சஸரீஸ் கடையில தொங்குற மாட்டுற டைப் கவருக்கு வருவோம். நாம ரிம்மை, அதாவது ஸ்டியரிங்கோட வட்ட வளையத்தை, பிடிச்சு திருப்புறப்ப, கை அழுத்துற அதே அழுத்தம்தான் கைக்கும் கவருக்கும் நடுவுலயும் கவருக்கும் ரிம்முக்கும் நடுவுலயும் வேலை செய்யுது. ரெண்டுல எங்க உராய்வு கம்மியோ அங்கதான் முதல்ல வழுக்கும். புதுசுல உள்ள இருக்குற ரப்பர் வளையம் தானா இறுக்கிப் பிடிக்கும், வெயில்ல நின்னு நின்னு அது தளர்ந்ததும் கவர் மட்டும் திரும்பும், ஸ்டியரிங் அங்கயே நிக்கும். யூ டர்ன் அடிக்கிறப்ப இப்படி ஆச்சுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. போதாக்குறைக்கு கவர் ரிம்மைத் தடிமனாக்கிடுது, சின்னக் கை உள்ளவங்களுக்கு விரல் முழுசா சுத்திப் பிடிக்க வராது.

தைக்கிற கவர்ல இந்தப் பிரச்சனை இல்ல, ஏன்னா அது ஸ்போக், அதாவது நடுவுல இருந்து ரிம்முக்கு வர்ற கை, சேர்ற எடத்துல வெட்டி மடிச்சு தைக்கப்படுது, உராய்வையே முழுசா நம்பி நிக்கல. ஆனா அங்க வேற தலைவலி, அது முழுக்க ஜியோமெட்ரி. ஸ்டியரிங் ரிம்மோட வடிவம் மெதுவடை மாதிரி. 380 மி.மீ. விட்டம், பிடிக்கிற எடத்துல 30 மி.மீ. தடிமன்னு வச்சுக்கலாம். வெளிச்சுற்று சுமார் 1194 மி.மீ., உள்சுற்று, அதாவது தையல் வர்ற பக்கம், சுமார் 1005 மி.மீ. நீங்க வெட்டி வச்சிருக்குறது தட்டையான ஒரு பட்டை, அதோட நடுப்பகுதி நீளமான வெளிச்சுற்றை மூடணும், ரெண்டு ஓரமும் குட்டையான உள்சுற்றுல வந்து சேரணும். வெளிச்சுற்று அளவுக்கு வெட்டினா உள்ள சுருக்கம் சுருக்கமா குவியும், உள்சுற்று அளவுக்கு வெட்டினா வெளிய வந்து எட்டாது. இப்படி ரெண்டு திசையிலயும் வளைஞ்ச பரப்பை இழுக்காம சுருக்காம தட்டையாக்க முடியாதுன்னு ஜெர்மன் கணித மேதை காஸ் 1827-லயே நிரூபிச்சிட்டாரு, சீட் கவர் தைக்கிற அண்ணனுக்கு அது கைப்பழக்கத்துலயே தெரியும். அதனால நடுவாந்தரமா 1100 மி.மீ. கிட்ட வெட்டினா, நடுப்பக்கம் கிட்டத்தட்ட 9 சதவீதம் இழுபடணும், ஓரம் அதே அளவுக்கு ஒடுங்கணும்.

இந்த எடத்துலதான் நிஜத் தோலும் ரெக்சினும் பிரியுது. தோல்ங்கிறது கொலாஜன்ங்கிற புரத நார்கள் எல்லாத் திசையிலயும் பின்னிக் கிடக்குற ஒரு பொருள், லேசா நனைச்சு இழுத்தா நார்கள் ஒண்ணு மேல ஒண்ணு நகரும், காஞ்சதும் அந்த வடிவத்துலயே நின்னுடும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் குரோமியம் போட்டுப் பதப்படுத்துற தோல் சூட்டையும் நல்லா தாங்கும், குரோமியம் அந்த நார்களை ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுடுது. ரெக்சின்ல பிளாஸ்டிக் பூச்சுக்கு அடியில துணி இருக்கும், நெசவுத் துணின்னா இழுபடவே மாட்டேங்கும், பின்னல் துணின்னா இழுபடும், ஆனா திரும்பப் பழைய அளவுக்கே போகப் பார்க்கும், ரெண்டு மழைக்காலம் தாண்டினா ஸ்போக் ஓரத்துல வாயைப் பிளந்துடும். என்னைக் கேட்டா காசு கம்மின்னா மைக்ரோஃபைபர் எடுங்க, ரெக்சின் வேணாம்.

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி எடத்துல நல்லா தைக்கிறவங்களைக் கவனிச்சா ஒண்ணு தெரியும். நேரா ஒரு பக்கத்துல ஆரம்பிச்சு சுத்தி வர மாட்டாங்க, முதல்ல ஸ்போக் எடங்களை ஒட்டி நிறுத்திட்டு, அப்புறம் நடுவுல இருக்குற தளர்வைக் கட்டைவிரலால தள்ளித் தள்ளிப் பகிர்ந்து விடுவாங்க. ஒவ்வொரு தையலையும் இழுக்குறப்ப ஓரம் கொஞ்சம் கொஞ்சமா ஒடுங்கும், வெளிப்பக்கம் டைட் ஆகும், நூல் விரலை அறுக்காம இருக்க பிளாஸ்டர் சுத்தியிருப்பாங்க. நூல் மெழுகு போட்ட பாலியெஸ்டர் இல்ல நைலான் தான், பருத்தி நூல் வேர்வையில இத்துப் போயிடும்.

சிலர் கவரே வேணாம், பழைய கார் பாகம் விக்கிற சென்னை புதுப்பேட்டையில டாப் மாடல் ஸ்டியரிங் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு கிளம்புறாங்க. இந்தியாவுல 2019 ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதனால இப்போ வர்ற பேஸ் மாடல்லயும் ஹார்ன் பேடுக்குள்ள ஏர்பேக் இருக்கு. அது விரிய எடுத்துக்குறது சுமார் 30 மில்லிசெகண்ட். பேட்டரி ஒயரைக் கழட்டினாலும் மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற கெபாசிட்டர்ல கொஞ்ச நேரத்துக்கு சார்ஜ் நிக்கும், உடனே கை வச்சா ஆபத்து, இந்த வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுறது நல்லது. ஏர்பேக் இல்லாத சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் மாட்டிட்டு, எச்சரிக்கை லைட்டை அணைக்க ரெசிஸ்டர், அதாவது மின்தடை, சொருகுறது சுத்த முட்டாள்தனம். 380-ல இருந்து 330 மி.மீ.க்கு இறங்கினா திருப்புற விசை வேற 15 சதவீதம் கூடும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில பார்க்கிங் பண்றப்ப தோள் வலிக்கும்.

டாப் மாடல் ஸ்டியரிங்ல பட்டன் இருக்குல்ல, அது வேலை செய்யுமான்னா, பல நேரம் செய்யாது. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி கிளாக் ஸ்பிரிங்னு ஒரு பாகம், தட்டையான ஒயர் பட்டை சுருளா சுத்தி வச்சிருக்கும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் சுத்தினாலும் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் கனெக்‌ஷன் அறாம இருக்கறது அதனாலதான். பேஸ் மாடல் கிளாக் ஸ்பிரிங்ல பட்டனுக்கான ஒயரே இல்லாம இருக்கலாம், அப்போ அதையும் சேர்த்து மாத்தணும். பல கார்கள்ல ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர், ஒரே ஒயர்ல வோல்டேஜ் எவ்வளவு மாறுதுன்னு பார்த்து எது அமுங்குச்சுன்னு ஸ்டீரியோ கண்டுபிடிக்குது, அதனால ஸ்டீரியோவும் அதைப் படிக்கிற வகையா இருக்கணும். கிளாக் ஸ்பிரிங்கை நடு நிலையில வைக்காம மாட்டினா ஃபுல் லாக், அதாவது ஒரு பக்கமா கடைசி வரைக்கும், அடிக்கிறப்ப பட்டை அறுந்துடும், ஏர்பேக் லைட் எரியும். ஸ்டியரிங் மாட்டுற தண்டான ஷாஃப்ட்ல இருக்குற பல்லுல ஒரு பல் தள்ளி உட்காந்தாலும் நேரா போறப்ப ஸ்டியரிங் கோணலா நிக்கும், கழட்டுறதுக்கு முன்னாடியே ஷாஃப்ட்லயும் ஸ்டியரிங்லயும் மார்க்கரால ஒரு கோடு போடச் சொல்லிடுங்க.